யாழ்ப்பாணத்தில் பொது மைதானமும் பூங்காவும்: யாரிடம் எழுதுவது, எதைக் கேட்பது

யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றுப்போட்டியையோ கலைவிழாவையோ ஒழுங்கு செய்ய முற்படும் விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் பெரும்பாலும் முதலில் செய்கிற காரியம், தெரிந்த ஓர் உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுப்பதுதான். அவரும் நல்லெண்ணத்துடன் "பிரச்சினை இல்லை, செய்யுங்கோ" என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது அவருடைய அலுவலகத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பது போட்டி நாளன்று காலையில், பூட்டிய படலைக்கு முன்னால் நிற்கும்போதுதான் விளங்கும். எங்கள் கழகத்துக்கும் அப்படியொரு காலை வாய்த்தது. எங்கள் கையில் ஓர் அலுவலகத்தின் கடிதம் இருந்தது. திறப்போ இன்னோர் அலுவலகத்தின் காவலாளியிடம் இருந்தது. அந்தக் கடிதத்தின் பிரதி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே இல்லை. எதிரணியினர் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொது இடமொன்றைப் பற்றி விசாரிக்கும்போது காணி யாருடையது, அன்றாடப் பராமரிப்பு யாருடையது, நிகழ்வுக்கு இசைவு தருவது யார் என்ற மூன்றையும் வெவ்வேறு கேள்விகளாகவே கேட்க வேண்டும். ஒரே அலுவலகம் மூன்றுக்கும் விடையாக அமையும் இடங்கள் இங்கு உண்டு என்றாலும், போருக்குப் பின்னர் வெவ்வேறு நிதிகளால் புனரமைக்கப்பட்ட இடங்களில் கட்டியவர் ஒருவராகவும் பொறுப்பேற்றவர் இன்னொருவராகவும் இருப்பதே வழக்கமாகிவிட்டது.

எல்லையை அறிவதிலிருந்து தொடங்குவது நல்லது. பிரதேச செயலகப் பிரிவின் எல்லையும் உள்ளூராட்சி மன்றத்தின் எல்லையும் ஒன்றல்ல. யாழ்ப்பாணம் மாநகர சபையின் பரப்பு யாழ்ப்பாணம் பிரதேச செயலகப் பிரிவுடன் நின்றுவிடாமல் நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவின் ஒரு பகுதிக்குள்ளும் நீள்கிறது. "நல்லூர்" என்ற பெயரை நம்பி நல்லூர்ப் பிரதேச சபைக்கு எழுதப்பட்டு, வாரக்கணக்கில் கிடந்து, பின்னர் மாநகர சபைக்கு அனுப்பப்படும் விண்ணப்பங்கள் இதனால்தான் உண்டாகின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்துக்கான வீதி ஒழுங்குகளை மாநகர சபை கவனிப்பதை நினைவில் வைத்திருந்தாலே இந்த ஒரு பிழையைத் தவிர்க்கலாம். சந்தேகம் இருந்தால் அந்த இடத்துக்குரிய கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள். எந்தச் சபைக்கு ஆதனவரி கட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டாரிடம் விசாரிப்பது இன்னும் விரைவான வழி.

அடுத்தது காணி. துரையப்பா விளையாட்டரங்கு, சுப்பிரமணியம் பூங்கா, ஆரியகுளம் ஆகியவை மாநகர சபைக்குரியவை. துரையப்பா விளையாட்டரங்கு இந்திய அரசின் நிதியுதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18 அன்று மீண்டும் திறக்கப்பட்டது என்பதற்காக அங்கே விளையாட இந்தியத் துணைத் தூதரகத்தை நாட வேண்டியதில்லை. கட்டணமும் முன்பதிவும் சபையின் வேலையே. கோட்டையின் நிலை வேறு. அது தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் சின்னத்துடன் அதன் சூழலையும் காக்கிறது. ஆகவே கோட்டைக்கு அருகில் மேடைக்காகக் குழி தோண்டுவதாக இருந்தால், மாநகர சபையின் கடிதம் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சுண்டிக்குளியில் உள்ள பழைய பூங்கா, பிரித்தானியர் காலத்து அரச அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்குடன் தொடர்புடைய வளாகம். இன்று வடக்கு மாகாண ஆளுநர் செயலகமும் அங்கேதான் இருக்கிறது. பூங்கா என்ற பெயரை மட்டும் பார்த்து அதனைச் சுப்பிரமணியம் பூங்காவைப் போல ஒரு மாநகர சபைப் பூங்காவாகக் கருதுவது தவறு. அங்கு எதையும் செய்வதற்கு முன்னர் மாவட்டச் செயலகத்தில், அதாவது நாம் இன்றும் கச்சேரி என்று சொல்லும் இடத்தில், விசாரிக்க வேண்டும்.

கடற்கரைகளில் அதிகாரம் இன்னும் கூடுதலாகப் பிரிந்து கிடக்கிறது. காரைநகர் கசூரினாக் கடற்கரையைப் பராமரிப்பது காரைநகர்ப் பிரதேச சபை. ஆனால் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையும், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயமாகும். அதற்குள் கட்டுமானம் எதற்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பட்டம் விடும் போட்டிக்குச் சபையின் இசைவு போதும். நிரந்தரமாக ஓர் உடைமாற்றும் அறை கட்டுவதற்குப் போதாது.

பாடசாலை மைதானங்களைப் பொது மைதானங்களாகவே நாம் பாவிக்கிறோம் என்றாலும் அவற்றின் நிர்வாகம் தனி. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், மாகாணப் பாடசாலைகள் வலயக் கல்விப் பணிமனை ஊடாக மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. எப்படியிருந்தாலும் அதிபரைச் சந்திப்பதே முதற்படி. தை முதல் பங்குனி வரை இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் பெரும் துடுப்பாட்டப் போட்டிகளும் நடக்கும் காலத்தில் கேட்காதிருப்பது மரியாதை.

சட்டத்தின் அடுக்கு தெரிந்திருந்தால் அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டும்போது குழம்ப வேண்டியதில்லை. மாநகர சபை 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் உள்ளூராட்சியை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாணத்திடம் ஒப்படைத்தது; உள்ளூராட்சி மன்றங்களுக்கு மேலதிக அதிகாரங்களை மாகாண சபை வழங்கலாம், இருக்கும் அதிகாரங்களைப் பறிக்க முடியாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. சபைக்குச் சொந்தமான மைதானத்துக்கு "மாகாணத் திணைக்களத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி என்று பணிவாகக் கேட்பதற்கு இந்த ஒரு வரி போதும். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் அதற்குத் தேர்தல் நடக்கவில்லை என்பதால், மாகாண மட்டத்து முடிவுகள் ஆளுநரிடமும் செயலாளர்களிடமுமே தங்கியிருந்து வந்துள்ளன. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் வரை உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளால் நடத்தப்பட்டன. அக்காலத்தில் பெற்ற அனுமதி உங்களிடம் இருந்தால், அது இப்போதும் செல்லுமா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு அலுவலகங்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்து ஆளும் இடங்களில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. பொது நூலகத்துக்கு அருகிலுள்ள திருவள்ளுவர் கலாசார மையம் இதற்கு நல்ல உதாரணம். மாநகர சபையின் நிலத்தில் இந்திய நன்கொடையால் எழுந்த அக்கட்டடம் 2023 பெப்ரவரி 11 அன்று மக்களிடம் கையளிக்கப்பட்டது. அத்தகைய பெரிய மண்டபத்தை நடத்தும் செலவைச் சபை தனித்துத் தாங்குவது கடினம் என்பதால் மத்திய அரசுக்கும் அதன் நிர்வாகத்தில் இடமுண்டு. இவ்வாறான இடங்களில் உடன்படிக்கையோ கையளிப்புக் கடிதமோ முகாமைத்துவக் குழுவோ இருக்கும். கேட்க வேண்டியவை, அந்த ஆவணத்தில் கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார், வருமானம் யாருடைய கணக்குக்குப் போகிறது, சேதத்துக்குப் பொறுப்பு யார், இருவர் ஒரே நாளைக் கேட்டால் முன்னுரிமை யாருக்கு என்பனவே. ஆவணத்தைக் காட்ட மறுத்தால், மின்பட்டியல் யாருடைய பெயரில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் உண்மையான பராமரிப்பாளரைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. பட்டியல் கட்டுபவர்தான் இரவில் விளக்கு எரிய விடலாமா என்பதையும் தீர்மானிப்பவர்.

எழுத்தில் பதில் கிடைக்காதபோது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் எதுவும் சொல்லாமல் உடன்படிக்கையின் பிரதியைக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். கொழும்பில் தலைமையகம் உள்ள திணைக்களமாயினும் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதில் பெற நமக்கு உரிமையுண்டு. ஆங்கிலத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

விண்ணப்பத்தை இடத்தின் உரிமையாளருக்கு முகவரியிட்டு, பராமரிப்பாளர், பிரதேச செயலாளர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஆகியோருக்குப் பிரதி அனுப்புங்கள். பிரதி போகிறது என்பதைக் கடிதத்தின் அடியிலேயே குறிப்பிட்டால் மற்றவர்களுக்கும் விடயம் தெரியும் என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கிவிடும். உங்கள் அமைப்பின் பதிவு இலக்கத்தையும் எழுதுங்கள். விளையாட்டுக் கழகமாயின் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரின் சிபார்சை இணைப்பது உதவும். கடிதத்தைக் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்பதாலேயே நிகழ்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாக வேண்டும். கட்டணச் சீட்டு விற்பதாயின் சபைக்குரிய களியாட்ட வரியைப் பற்றிச் சீட்டு அச்சிடுவதற்கு முன்னரே வருமானப் பகுதியில் பேசுங்கள். உணவுக் கடைகள் போடுவதாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கூட்டம் பெரிதாக வரும் என்று எதிர்பார்த்தால் தடுப்பு, வெளியேறும் வழி, தீயணைப்பு வாகனம் நிற்குமிடம் ஆகியவற்றை வரைபடமாகக் கொடுங்கள். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் தடுப்புகளை உடைத்துக்கொண்டு சனம் உள்ளே புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் அதில் நாள் மட்டும் இருக்கிறதா, நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். மழையால் ஒத்திவைத்தால் கட்டணம் என்னாகும் என்பதையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பின்னேரம் திறப்பு வைத்திருப்பவரை நேரில் சந்தித்துக் கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள். நிகழ்வு முடிந்ததும் அவருடனேயே மைதானத்தைச் சுற்றி நடந்து, சேதம் எதுவும் இல்லை என்று அவர் கையெழுத்திட்ட துண்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டால், வைப்புப் பணத்தைத் திரும்பப் பெறும்போது பற்றுச்சீட்டுடன் அதையும் காசாளரிடம் நீட்டலாம்.