கல்விக் கட்டணத்தில் காணாமற்போன சிறு தொகை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு முதல் பருவக் கட்டணத்தை முழுமையாக அனுப்பிய பின்னரும், மாணவர் கணக்கில் ஒரு சிறு தொகை நிலுவையாகவே நின்றதால், என் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நாணய மாற்று விகிதத்தைச் சந்தேகித்தேன். ஆனால் கேட்கப்பட்ட நாணயத்திலேயே பணம் சென்றிருந்ததால் அது பொருந்தவில்லை. முழுத் தொகையும் அனுப்பப்பட்டது என்றது வங்கி. வந்ததே குறைவு என்றது பல்கலைக்கழக நிதிப் பிரிவு. இரண்டுமே உண்மை என்பதுதான் வேடிக்கை.

வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்திற்காக வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஸ்விஃப்ட் எம்டி 103 செய்தியின் நகலை வங்கியிடம் கேட்டு வாங்கியதும் முடிச்சு அவிழ்ந்தது. அதில், வங்கிக் கட்டணங்களை யார் ஏற்பது என்பதைக் குறிக்கும் 71ஏ என்ற புலத்தில் ‘எஸ்எச்ஏ’ என்ற மூன்றெழுத்து இருந்தது. அதாவது, அனுப்பும் வங்கியின் கட்டணம் மட்டுமே நாம் தனியாகச் செலுத்துவது, வழியிலுள்ள இடைநிலை வங்கிகள் தத்தம் கட்டணத்தை அனுப்பிய தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். யூஇடிஆர் என்னும், அந்தப் பரிமாற்றத்திற்கே உரிய அடையாள எண்ணைக் கொண்டு தடம் பார்க்கச் சொன்னபோது, கழிக்கப்பட்ட தொகை நிலுவையோடு அப்படியே ஒத்துப்போனது.

நிலுவையை, எல்லாக் கட்டணங்களும் அனுப்புநருடையவை என்னும் ‘ஓயுஆர்’ முறையில், மாணவர் எண்ணையும் குறிப்பிட்டு அனுப்பினேன். குறையாமல் சேர்ந்தது, பதிவும் திறந்தது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இந்தக் கட்டண முறைத் தெரிவை வங்கி ஊழியர் தாமாகக் கேட்பதில்லை. இப்போது என் வரவுசெலவுத் திட்டத்தில் ஒவ்வொரு பருவத்திற்கும் அனுப்பும் செலவு தனி வரியாக இருக்கிறது.