ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடும் பிள்ளைகளுக்குப் போதைப் பரிசோதனை: கிட்டைப் பார்ப்பது எப்படி, தப்பு எங்கே நடக்கிறது

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் விடிகாலையில் கிரவுண்டைச் சுற்றி வரும் பசங்களில் பலருக்கு அக்னிவீர்தான் குறி. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பீமில் தொங்கி 10 தடவை உடலை மேலே இழுத்தால் 40. அந்தக் கடைசி பதினைந்து இருபது நொடியைக் குறைக்கத்தான் ஊசியும் மாத்திரையும் உள்ளே நுழைகின்றன. ஊக்கமருந்து எடுத்தால் தகுதி போய்விடும் என்று ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். வேலை ஒருபக்கம் இருக்கட்டும். ஊக்கி மருந்து உடல் சூட்டை ஏற்றும், களைப்பை மறைக்கும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஓட்டத்தின் நடுவிலேயே ஆள் சுருண்டு விழுவான்.

பயிற்சி பேட்ச் நடத்தும் மாஸ்டரோ வீட்டாரோ மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை (கிட்) வைத்துப் பார்ப்பதாக இருந்தால், முதலில் பையனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவனுக்குத் தெரியாமல் எடுத்தால் பிறகு அவன் வாயே திறக்க மாட்டான். பதினெட்டு ஆகாதவனென்றால் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும்.

கிட்டின் உறையை அந்த நேரத்தில்தான் கிழிக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பட்டை வீணாகிவிடும். பிரிட்ஜில் இருந்திருந்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை வெளியே வையுங்கள். உலர்ந்த, சோப்பு படாத கப்பில் சிறுநீரைப் பிடித்து, அம்புக்குறிக் கோட்டைத் தாண்டாமல் பட்டையை 10 முதல் 15 நொடி நனைத்து, சமதரையில் படுக்கவைக்கவும். முடிவை 5 நிமிடத்தில் பார்க்கலாம். 10 நிமிடத்துக்கு மேல் தெரிகிற கோட்டை நம்ப வேண்டாம்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். கர்ப்பப் பரிசோதனை கிட்டில் இரண்டு கோடு வந்தால் 'உண்டு'. இதில் நேர்மாறு: பட்டையில் 'டி' (டெஸ்ட்) என்று குறித்த இடத்தில் கோடு வந்தால் 'இல்லை', வராவிட்டால்தான் 'உண்டு'. காரணம், அந்த இடத்தில் ஏற்கெனவே போதைப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும். சிறுநீரில் மருந்து இல்லையென்றால் சாயத்தோடு வரும் எதிர்ப்புப் புரதம் அங்கே போய்ப் பிடித்துக்கொண்டு கோடாகத் தெரியும். மருந்து இருந்தால் வழியிலேயே அது புரதத்தை மடக்கிவிடும். கோடு வெளிறியிருந்தாலும் 'இல்லை' என்றே கணக்கு. பட்டை வேலை செய்கிறதா என்று காட்டும் 'சி' (கன்ட்ரோல்) கோடு வரவில்லையென்றால் அந்தப் பட்டை செல்லாது, வேறு ஒன்றை எடுங்கள். மங்கலான கோட்டைப் பார்த்துப் பையனை அடித்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவதில் லாபமில்லை.

கஞ்சாவுக்கான பட்டை பொதுவாக மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற வரம்பில் இயங்கும். ஒருமுறை தொட்டவனிடம் கஞ்சா சில நாளில் மறையும். அது கொழுப்பில் தங்குவதால், தினமும் பழகியவன் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரைகூடக் காட்டலாம். ஆகவே 'நிறுத்திட்டேன்' என்கிறவனைப் பொய்யன் என்று முடிவு கட்டாதீர்கள். வாரம் ஒருமுறை பார்த்து வாருங்கள். ஹெராயினுக்கே உரிய தடயமோ ஒரே நாளில் போய்விடும். டேபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் சாதாரண ஓபியம் பட்டையில் பெரும்பாலும் தெரியாது, அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். இந்த மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள் என்பதால் கையில் ஊசித் தழும்பு, வீக்கம், சீழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அமெரிக்கப் படைகளில் சிறுநீர்ச் சோதனை 1971-லேயே தொடங்கினாலும், 1981-ல் நிமிட்ஸ் போர்க்கப்பலில் விமானம் மோதி 14 பேர் இறந்த பிறகுதான் பிடி இறுகியது. அங்கே ஒருவர் கண்ணெதிரே மாதிரி எடுத்து, சீல் வைத்து, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். முறையான பணியிடச் சோதனைகளில் நாலு நிமிடத்துக்குள் சிறுநீரின் சூட்டைப் பார்ப்பதும் உண்டு. அது 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வந்தால் சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, 'நீர்த்த மாதிரி' என்று திருப்பி அழைக்கப்படுவீர்கள்.

போதைப் பழக்கமே இல்லாத பையன் மாட்டுவதும் உண்டு. சளி மாத்திரையில் உள்ள சூடோஎபெட்ரின் ஆம்ஃபிடமின் பட்டையை ஏமாற்றலாம். ஆய்வகத்தில் மூலக்கூறின் எடையை வைத்து மருந்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் கசகசாவும் அப்படியல்ல. அவற்றில் இருப்பது நிஜமான கோடீன், மார்ஃபின் என்பதால் ஆய்வகச் சோதனையிலும் அவை தெரியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2023-ல் தன் வீரர்களைக் கசகசா தவிர்க்கச் சொன்னதும் இதனால்தான். பரிசோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே கசகசா அரைத்த குருமாவும் பாயசமும் வேண்டாம். மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டின் நகல் பையில் இருக்கட்டும். ஜிம்மில் தரும் பெயர் தெரியாத பவுடர் டப்பாவையும் ஒதுக்குங்கள், லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு அதில் கலந்திருந்த வழக்குகள் உண்டு.

கிட் 'உண்டு' என்றால் அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள், ஆய்வகத்தில் உறுதிசெய்யுங்கள். உறுதியானால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. கட்டணமில்லா உதவி எண் 14446. சிறிய அளவுப் போதைப்பொருளுக்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கு வந்தாலும், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்குச் சேரும் அடிமைப்பட்டவருக்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. நைட்ராசிபாம் போன்ற தூக்க மாத்திரையைத் தினமும் போட்டவனை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். போகும்போது அவன் போட்ட மாத்திரையின் காலி அட்டையையும் எடுத்துப் போங்கள். பட்டையில் விழாத மருந்தை மருத்துவர் அதை வைத்துத்தான் பிடிப்பார்.