பழைய எலெக்ட்ரிக் காருக்குப் புது பேட்டரி: பணத்தை எங்கே கோட்டை விடுகிறோம்

கடலூருக்குப் போய்விட்டு புதுச்சேரி திரும்பும்போது, ஆல்பேட்டைப் பக்கம் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில்தான் என் 48 வோல்ட் எலெக்ட்ரிக் கார் மக்கர் பண்ணும். சமதளத்தில் ஒரு குறையும் இருக்காது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், மீட்டரில் 40 சதவீதம் இருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரிந்து வேகம் 25-க்கு விழுந்துவிடும். பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரனை நிறுத்தவே நிறுத்தாது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "பேட்டரி போச்சு சார், மொத்தமா மாத்திடுங்க" என்றார். பேட்டரி மூடியைத் திறக்காமலேயே சொன்னார். கார் வாங்கிய விலையில் முக்கால்வாசி கேட்டார். முதலியார்பேட்டையில் பேட்டரி ஆட்டோ ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பி மட்டும், "அண்ணே, முதல்ல மூடியைக் கழட்டிப் பாத்துடுவோம்" என்றான். கழட்டினோம். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் செம்புப் பட்டையில், போல்ட்டைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கையால் திருகினாலே நட் அசைந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் போட்டு, டார்க் ரென்ச்சில் இறுக்கினான். அந்தப் பேட்டரி அதற்கப்புறம் இரண்டரை வருஷம் ஓடியது.

பிறகு உண்மையாகவே மாற்ற வேண்டிய நாள் வந்தது. அப்போது நான் செய்த தவறுகளும், செய்யப்போய்த் தப்பித்த தவறுகளும்தான் கீழே.

அளக்காமல் தீர்ப்பு எழுதுவது

செலவில் பெரும்பங்கு இங்கேதான் வீணாகிறது. பேட்டரி பேக் என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த செல்களின் வரிசை. கல்யாணப் பந்தியில் ஒருத்தர் இலையை மடித்துவிட்டால் மொத்த வரிசையும் எழுந்திருக்க வேண்டிய கதைதான். ஓட்டும்போது எந்த செல் முதலில் காலியாகிறதோ அதோடு பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காப்பாற்றும் எலெக்ட்ரானிக் போர்டு) மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். சார்ஜ் ஏற்றும்போது சின்ன வயிறுக்கார செல் முதலில் நிரம்பிவிட்டால் மற்றவற்றுக்கும் பரிமாறுவது நின்றுபோகும். 16 செல்லில் 15 திடமாக இருந்தாலும் ரேஞ்ச் பாதியாகத் தெரிவது இதனால்தான்.

களிம்பு பிடித்த இணைப்பும் இதே வேஷம் போடும். கணக்கு எளிது. இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை கூடுதலாக இருந்து அதில் 200 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் அங்கேயே தின்னப்படும், 40 வாட் சூடாகப் போகும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லின் மொத்த வோல்டேஜே 3.2தான். பி.எம்.எஸ். ஒயர் அந்த இணைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தால், செல்தான் சரிந்துவிட்டது என்று அது முடிவு கட்டிவிடும். பீச் ரோட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வண்டி நிறுத்துகிற நமக்கு உப்புக் காற்று தரும் பரிசு இது.

அதனால் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். எல்.எஃப்.பி. செல் கால்வாசி சார்ஜில் இருந்தாலும் முக்கால்வாசியில் இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும். லோடு ஓடும்போது அளக்க வேண்டும். செல்லின் இரண்டு டெர்மினலில் ஒரு முறை, பட்டையின் இரண்டு முனையில் ஒரு முறை. செல்லில் சரிந்தால் செல் நோயாளி, பட்டையில் சரிந்தால் உப்புத்தாள் போதும்.

மொத்தக் கொள்ளளவையும் வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒரு கிலோவாட் மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான். பேட்டரியை எச்சரிக்கை வரும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டு, பிளக்கோடு ஒரு எனர்ஜி மீட்டர் மாட்டி முழுசாக சார்ஜ் போடுங்கள். சார்ஜரில் வீணாவது 10 முதல் 15 சதவீதம் என்று கழித்துக்கொள்ளுங்கள். என் 10 யூனிட் பேக்குக்கு மீட்டர் 7.5 காட்டியது. அப்படியென்றால் உள்ளே போனது ஆறரை யூனிட் சொச்சம், 65 சதவீத ஆரோக்கியம்.

இன்னொன்று, காரின் 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது தளர்ந்தாலும் பெரிய பேட்டரியே படுத்துவிட்ட மாதிரி எரர் வரும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை. அதை முதலில் பாருங்கள்.

தேவையே இல்லாமல் மாற்றுவது

சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் ஓடும். ஆறரை யூனிட் என்றால் 50-க்கு மேல். லாஸ்பேட்டையிலிருந்து ஜிப்மர், மார்க்கெட், பிள்ளைகளின் பள்ளி என்று சுற்றுகிறவருக்கு இது தாராளம். கடலூர் போய்வர வேண்டியவருக்குத்தான் வயிற்றில் புளி கரைக்கும். அவருக்கும் மஞ்சக்குப்பம் ஆபீசில் ஒரு 15 ஆம்ப் பிளக் பாயின்ட் கிடைத்தால் மூன்று மணி நேரத்தில் ஆறு யூனிட் ஏறிவிடும். மேனேஜரிடம் ஒரு பிளக் கேட்பது லட்சக்கணக்கில் செலவழிப்பதைவிடச் சுலபம். நான் கேட்கக் கூச்சப்பட்டே ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

ஒன்றிரண்டு புது செல் போட்டால் போதும் என்று நினைப்பது

பாதி சரி. கெட்ட செல் ஒன்றே ஒன்று, மற்றவை நல்ல நிலையில் என்றால், அதே வயதும் அதே கொள்ளளவும் உள்ள பழைய செல் ஒன்றைத் தேடிப் போடலாம். புத்தம் புதிய செல்லைப் போட்டால் அதன் கூடுதல் கொள்ளளவு சும்மா உட்கார்ந்திருக்கும், அடுத்த பலவீனமான செல் பேக்கை நிறுத்தும். அதை மாற்றினால் அதற்கடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு செல் என்று தவணையில் புது பேக் வாங்கியவரை எனக்குத் தெரியும். பழைய பேக்கோடு புது பேக்கைப் பக்கவாட்டில் இணைப்பது இன்னும் மோசம். கரண்டை இரண்டும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளாது, உங்கள் புது முதலீடுதான் அதிகமாக உழைக்கும்.

2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா என்ற எலெக்ட்ரிக் காரை வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய பாடம். அதில் 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி எட்டு. மாற்றினால் எட்டையும் சேர்த்து மாற்றுவார்கள்.

சோலார் செல்லைக் காருக்கு வாங்குவது

நான் கிட்டத்தட்ட விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆன்லைனில் 280 ஏ.எச். (ஆம்பியர் மணி, செல்லின் கொள்ளளவு) எல்.எஃப்.பி. செல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 16 வாங்கிக் கோத்தால் 51.2 வோல்ட், 14.3 யூனிட். 48 வோல்ட் காருக்குப் புது பேக் ரெடி, ரேஞ்சும் முன்பைவிடக் கூட. பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

கரண்ட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. மஹிந்திரா 2013-இல் கொண்டுவந்த இ-டு-ஓ போன்ற 48 வோல்ட் காரின் மோட்டார் உச்சத்தில் 19 கிலோவாட் கேட்கும். 19,000-ஐ 48-ஆல் வகுத்தால் 400 ஆம்பியர் அருகில். சோலார் சேமிப்புக்குச் செய்த பல செல்களில் தொடர்ந்து இழுக்க அனுமதித்த அளவு 0.5 சி (ஏ.எச். எண்ணில் பாதி ஆம்பியர்), அதாவது 280 ஏ.எச். செல்லில் 140 ஆம்பியர். வீட்டில் இரவெல்லாம் ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓட்ட அது போதும். பாலம் ஏறும் காருக்குப் போதாது. செல் சூடேறும், வீங்கும், வோல்டேஜ் சரியும், பெண்ணையாற்றுப் பாலத்தில் மறுபடி டவுன் பஸ் ஹாரன். டேட்டா ஷீட்டில் ஏ.எச். எண்ணைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். தொடர்ந்து எவ்வளவு ஆம்பியர், 30 விநாடிக்கு எவ்வளவு ஆம்பியர் என்ற வரிகளைத் தேடுங்கள். அந்த வரியைக் காட்ட மறுக்கிற கடைக்காரரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மலிவு செல்லில் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. முதல் தரச் சோதனையில் கழித்த செல்களின் க்யூ.ஆர். கோடைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்து விற்பார்கள். கோடுக்குச் சுற்றிலும் சுரண்டிய தடம், டெர்மினலில் ஏற்கெனவே வெல்டு வைத்துத் தேய்த்த அடையாளம், செல்லின் வயிறு லேசாகப் புடைத்திருப்பது, மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம்.

சார்ஜரையும் பி.எம்.எஸ்.ஸையும் மறப்பது

"வோல்டேஜ் ஒண்ணுதானே" என்பது ஆபத்தான வாக்கியம். 16 எல்.எஃப்.பி. செல் முழு சார்ஜில் 58.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். 48 வோல்ட் லெட் ஆசிட்டுக்குச் செய்த சார்ஜர், சமன்படுத்தும் கட்டத்தில் 60-ஐத் தாண்டும். ஆசிட்டுக்கு அது மருந்து, லித்தியத்துக்கு விஷம். எல்.எஃப்.பி. இருந்த இடத்தில் என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் வகை) போட்டாலும் ஒரு செல்லின் முழு சார்ஜ் 3.65-இலிருந்து 4.2-க்கு மாறுகிறது, செல் எண்ணிக்கை மாறுகிறது, கட்டுப்பாடு எல்லாம் மாற்ற வேண்டும். நம்மூர் வெயிலுக்கு என் ஓட்டு எல்.எஃப்.பி.க்குத்தான். எளிதில் தீப்பிடிக்காது, அதிக வருஷம் தாங்கும்.

இதெல்லாம் 48 வோல்ட் கார்களுக்குச் சொல்வது. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் இ.வி. மாதிரி கார்களில் பேக் 300 வோல்ட்டுக்கு மேல், அதுவும் டி.சி. அந்த மூடியைத் தெரு மெக்கானிக்கும் திறக்கக் கூடாது, நீங்களும் திறக்கக் கூடாது. அதற்கு பேட்டரி வாரண்டியே 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. என்று கொடுத்தார்கள். முதலில் அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

48 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது ஓரளவு உண்மை. ஆனால் ஸ்பானர் நழுவி இரண்டு டெர்மினலில் விழுந்தால் ஸ்பானரே வெல்டிங் ராடு ஆகிவிடும். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய செம்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பானர் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

வெள்ளத்தில் குளித்த பேக்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் இங்கே ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து பெண்ணையாறு கடலூர்ப் பக்கம் பெருகியது. எத்தனை வண்டி முங்கியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விபத்து வண்டியிலிருந்து கழற்றிய பேக் என்று யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால், பி.எம்.எஸ். கனெக்டரைப் பிடுங்கி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிகளில் வெள்ளைப் பொடி, மூலையில் காய்ந்த வண்டல், போல்ட் தலையில் துரு இருந்தால் தொடவே வேண்டாம். நனைந்த லித்தியம் பேக் அன்றைக்கே எரியும் என்றில்லை, காய்ந்து பல வாரம் கழித்தும் உள்ளே ஷார்ட் ஆகலாம்.

கொட்டேஷனை அரைகுறையாகப் படிப்பது

முழு எலெக்ட்ரிக் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. இரண்டு லட்ச ரூபாய் பேக்குக்கு 36,000 கூடும். "டாக்ஸ் எக்ஸ்ட்ரா" என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். லித்தியம் பேட்டரி அபாயச் சரக்கு வகையில் வருவதால் சாதாரண பார்சல் சர்வீஸ்கள் பெரும்பாலும் எடுக்காது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேன் வாடகை யார் தலையில் என்று கேளுங்கள். வாரண்டி செல்லுக்கா, பி.எம்.எஸ்.ஸுக்கா, பொருத்திய வேலைக்கா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதே அளவு, அதே வகை பேக் என்றால் தலைவலி குறைவு. எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

பழையதை என்ன செய்வது

காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எல்.எஃப்.பி.யில் நிக்கல், கோபால்ட் கிடையாது என்பதால் பெரிய விலையும் வராது. 65 சதவீதத்தில் இருக்கும் செல்கள் இன்வெர்ட்டருக்கு இன்னும் உதவும், தெரிந்தவர் யாராவது தனியாக பி.எம்.எஸ். போட்டுக் கட்டிக்கொள்ளலாம். எப்படியானாலும் எடுத்துப்போகிறவரைப் புதுசு வந்து இறங்குமுன்பே பேசி வையுங்கள். டெர்மினலில் டேப் ஒட்டாமல் மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் வைத்திருந்தேன். வீட்டில் எப்போதும் ஸ்பேர் கேஸ் சிலிண்டர் வைக்கிற இடமும் அதுதான் என்று என் மனைவி சொன்ன பிறகே உறைத்தது.