புது ஹார்ட் டிஸ்க் வாங்க முதல் கேபிளை மாற்றிப் பாருங்கள்
டெஸ்க்டொப் கொம்பியூட்டர் இடையிடையே உறைந்து நின்றாலோ, ஃபைல் கொப்பி பண்ணும்போது எரர் காட்டினாலோ, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற இலவச மென்பொருளில் சி7 (C7) என்ற வரியைப் பாருங்கள். டிஸ்கிலேயே பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 வரிகள் மூன்றும் 'Raw Values' நிரலில் பூச்சியமாக இருந்து, சி7 மட்டும் ஏறியிருந்தால் முதலில் மாற்ற வேண்டியது டிஸ்கை மதர்போர்ட்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகளில் கேட்டாலே கிடைக்கும். முனையில் உலோகக் க்ளிப் உள்ளதாக எடுங்கள், க்ளிப் இல்லாதது மெல்ல மெல்லக் கழன்றுவிடலாம்.

சி7 எண்ணுவது டிஸ்குக்கும் மதர்போர்ட்டுக்கும் இடையில் தரவு பழுதாகிய தடவைகளை. டிஸ்கின் தட்டுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. 'Health Status' (டிஸ்கின் நலநிலை) என்பதன் கீழே வரும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: சி7 ஏறினாலும் அது நீலமாகவே நிற்கும். இந்த எண் ஒருபோதும் குறையாது என்பதால் குறித்து வைத்துக்கொண்டு கேபிளை மாற்றுங்கள். ஒரு கிழமை கழித்தும் அதே எண் என்றால் காசு மிச்சம். இன்னும் ஏறினால் மதர்போர்ட்டில் கேபிளை வேறொரு சாட்டா துளையில் செருகிப் பாருங்கள்.

05, சி5, சி6 ஏறினால் கேபிளை மாற்றுவது சரிவராது. முக்கிய ஃபைல்களை உடனே வேறிடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். அதற்கு முன் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்ட வேண்டாம், குறிப்பாக /r சேர்த்து ஓட்டினால் முழு டிஸ்கையும் வாசிக்கவைத்து மிச்ச உயிரையும் வாங்கிவிடலாம். 'டிக் டிக்' சத்தம் வந்தால் கொப்பியும் வேண்டாம், கொம்பியூட்டரை நிறுத்திவிட்டு டிஸ்கைத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். மதர்போர்ட்டில் நேரே செருகும் எம்.2 டிஸ்குக்குக் கேபிளே கிடையாது, ஆகவே இந்தக் கேபிள் வழி அதற்குப் பொருந்தாது.