விழித்திரைப் படத்தில் ரத்தக்குழாயை அளந்து நோய் அபாயத்தைக் கணிப்பது எப்படி?

உடலைக் கீறாமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்கச் சிறந்த இடம் கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை. 1851-ல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்க உதவும் கண்நோக்கியை உருவாக்கிய நாள் முதல் மருத்துவர்கள் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் ஏறியே இருந்தால் விழித்திரையின் சிறு தமனிகள் ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தை எண்ணாக்கி, மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கணிப்பதுதான் நம் வேலை. பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும்.

படி 1: படங்கள்

'டிரைவ்' என்ற தரவுத்தொகுப்பில் தொடங்குங்கள். நெதர்லாந்தில் சர்க்கரை நோயாளிகளின் கண் பரிசோதனையில் எடுத்த 40 படங்கள், ஒவ்வொன்றும் 565×584 பிக்சல். எந்தப் பிக்சல் குழாய், எது இல்லை என்று கையால் வரைந்து குறித்த படமும் (மாஸ்க்) உண்டு. ஆனால் அந்த நபர்களுக்குப் பிறகு என்ன நோய் வந்தது என்ற விவரம் இதில் கிடையாது. அளக்கப் பழக மட்டும்தான் இது. கணிப்புக்கு, பல ஆண்டு மருத்துவப் பதிவோடு இணைந்த தரவு வேண்டும். பிரிட்டனின் பெரிய மருத்துவத் தரவு வங்கியான யுகே பயோபேங்க் போன்ற இடங்களில் விண்ணப்பித்துத்தான் அதைப் பெற முடியும்.

படி 2: பச்சையை மட்டும் எடுங்கள்

ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். அதனால் படத்தின் பச்சை நிற அடுக்கில் (சேனல்) குழாய்கள் கருங்கோடுகளாகத் துலங்கும். சிவப்பில் வெளுத்துப்போகும், நீலத்தில் இருட்டும் புள்ளிகளும்தான் மிஞ்சும்.

படி 3: குழாய்களைப் பிரித்தல்

முதலில் குழாய் போன்ற நீள வடிவங்களைக் கணக்கால் தேடும் ஃபிராங்கி ஃபில்டரை ஓட்டிப் பாருங்கள், அதற்குப் பயிற்சியே தேவையில்லை. அப்புறம், குறித்த படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னலான யு-நெட் மாடலுக்குப் போகலாம். இங்கே ஓர் எண் உங்களை ஏமாற்றும். படத்தில் குழாய்ப் பிக்சல்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். 'எங்குமே குழாய் இல்லை' என்று சொல்லும் மாடலுக்கும் 85 சதவீதத்துக்கு மேல் துல்லியம் வந்துவிடும்! அதனால் துல்லியத்தை விட்டுவிட்டு, வரைந்த மாஸ்க்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் டைஸ் மதிப்பைப் பாருங்கள்.

படி 4: தமனியா, சிரையா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி, பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடமான வட்டிலிருந்து கிளம்பும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொடருங்கள். தமனி மெல்லியது, வெளிர் சிவப்பு, நடுவில் பெரும்பாலும் ஒரு பளபளப்பான கோடு ஓடும். சிரை அகலமாக, கருஞ்சிவப்பாக இருக்கும். இரண்டும் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் மாடல் தடுமாறும். டிரைவ் படங்களுக்கே தமனி, சிரை குறித்த 'ரைட்' தொகுப்பு இருக்கிறது, அதோடு சரிபாருங்கள்.

அளக்கும் இடம் முக்கியம். வட்டின் விளிம்பிலிருந்து அதன் அரை விட்டத் தொலைவில் தொடங்கி ஒரு முழு விட்டத் தொலைவு வரையுள்ள வளையத்தில் மட்டும் அளக்க வேண்டும். அங்குள்ள பெரிய 6 தமனிகள், பெரிய 6 சிரைகள். தமனிகளையும் சிரைகளையும் தனித்தனியாக, மிக அகலமானதை மிக மெல்லியதோடு ஜோடி சேர்த்து, ஒரே எண் வரும்வரை இணைத்துக்கொண்டே போக வேண்டும். தமனிக்கு: இரண்டு அகலங்களின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.88 ஆல் பெருக்குங்கள். 10 பிக்சலும் 8 பிக்சலும் சேர்ந்தால் சுமார் 11.3. சிரைக்கு 0.95. இது நட்ஸனும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட முறை.

தமனி எண்ணைச் சிரை எண்ணால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். கேமராவின் உருப்பெருக்க வித்தியாசம் இதில் அடிபட்டுப்போகும் என்பது பெரிய வசதி. ஆனாலும் இரண்டு எண்களையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தமனி ஒடுங்கினாலும் விகிதம் குறையும், சிரை அகன்றாலும் குறையும். சிரை அகல்வது புகைப்பழக்கத்தோடும் உடல் அழற்சியோடும் தொடர்புள்ளது, அது வேறு கதை.

படி 5: கணிப்பு

ஒருவரின் இடது கண் படம் மாடலின் பயிற்சித் தரவிலும் வலது கண் படம் சோதனைத் தரவிலும் போய்விடக் கூடாது. என் முதல் முயற்சியில் படங்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்தேன், முடிவு அருமையாக வந்தது. ஆள்வாரியாகப் பிரித்ததும் அது சரிந்துவிட்டது. மாடல் நோயைக் கற்கவில்லை, ஆட்களை அடையாளம் கண்டிருக்கிறது.

அடுத்தது வயது. கூகுள் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், விழித்திரைப் படத்திலிருந்து வயதைச் சராசரியாக 3.26 ஆண்டு பிழைக்குள் சொன்னது மாடல். ஐந்தாண்டுக்குள் பெரிய இதய பாதிப்பு வருமா என்ற கணிப்பில் அது பெற்ற ஏயுசி (நோய் வருபவரையும் வராதவரையும் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்ற மதிப்பெண்) 0.70. நாணயம் சுண்டினால் 0.5, பிழையே இல்லையென்றால் 1. ஆனால் வயதை மட்டும் வைத்தே 0.66 வந்தது! அதனால் வயது, பாலினம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் மட்டும் உள்ள சாதாரண மாடலை முதலில் கட்டுங்கள். குழாய் அளவுகளைச் சேர்த்த பிறகு எவ்வளவு கூடுகிறது என்பதுதான் உங்கள் உண்மையான முடிவு.

கடைசியாக, மங்கலான படங்களைத் தனியே ஒதுக்கிவிட்டு மாடலை ஓட்டிப் பாருங்கள். கண்புரை உள்ளவர்களின் படத்தில் மெல்லிய குழாய்கள் மறைந்துவிடும். வயதானவர்களுக்குத்தான் புரையும் அதிகம், இதய நோயும் அதிகம். தெளிவான படங்களில் மட்டும் சோதித்தால் கணிப்பு சரிகிறது என்றால், உங்கள் மாடல் பார்த்தது பெரும்பாலும் புரையைத்தான். அப்போது படி 1-க்குத் திரும்பி, படத் தரத்தை வடிகட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.