லாக் என்று வந்தால் எந்த லாக்? கண்டுபிடிக்கும் வழி

ஆங்கிலத்தில் log, மூன்றே எழுத்து. லாகின், லாக் அவுட், லாக் புக், எர்ரர் லாக், பேக்லாக், லாக் டேபிள் என்று திரும்பிய பக்கமெல்லாம் வருகிறது, அகராதியைத் திறந்தாலோ முதல் பொருள் மரக்கட்டை என்று போட்டிருக்கிறது. மரக்கட்டைக்கும் மின்னஞ்சலைத் திறப்பதற்கும் சம்பந்தம் உண்டு, அது கப்பல் வழியாக வந்தது.

பாய்மரக் கப்பலில் வேகம் பார்க்க ஒரு பலகைத் துண்டு வைத்திருப்பார்கள். விசிறி வடிவம், நீரில் நிமிர்ந்து நிற்க வளைந்த விளிம்பில் ஈயம், அதோடு கட்டிய நீளமான கயிறு, கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். பலகையைக் கப்பலின் பின்பக்கம் கடலில் போட்டால் அது போட்ட இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே போனது என்று எண்ணினால் அதுதான் வேகம். 28 விநாடிக் கடிகாரம் என்றால் முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். கப்பலுக்கும் விமானத்துக்கும் இன்றும் வேகத்தை நாட் என்று சொல்வது இந்த முடிச்சால்தான் (ஒரு நாட், மணிக்கு 1.852 கி.மீ.). அந்தப் பலகையின் பெயர் லாக். எண்ணியதை எழுதிய நோட்டு லாக் புக். காற்று, திசை, நடந்த சம்பவம் எல்லாம் அதே நோட்டில் ஏறியதும் 'புக்' கழன்று, பதிவே லாக் ஆகிவிட்டது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: பக்கத்தில் நேரமோ தேதியோ இருக்கிறதா, அல்லது இருந்தால் பொருந்துமா? பொருந்தினால் கப்பல் லாக். சர்வர் லாகில் '02:14:07, கடவுச்சொல் தவறு' என்று ஒரு வரி கிடக்கும்; என்ன நடந்தது, எப்போது, அவ்வளவுதான். மனதில் பட்டதை எழுத ஆரம்பித்தால் அது டைரி. விமானி 500 மணி நேரம் 'லாக்' செய்தார் என்றால் பறந்து கணக்கில் ஏற்றினார் என்று பொருள். லாகின் என்பதும் உள்ளே வந்த ஆளைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான். 1997-இல் வந்த வெப்லாக் என்ற சொல்லை 1999-இல் ஒருவர் விளையாட்டாக வேறு இடத்தில் (we blog என்று) உடைக்கப் போய் பிளாக் (blog) பிறந்தது, அதுவும் இந்தக் குடும்பமே.

நேரம் பொருந்தவில்லையா, மரத்தைப் பாருங்கள். பேக்லாக் கப்பலுக்குப் போனதில்லை. கணப்படுப்பின் பின்புறம் வைக்கும் பெரிய கட்டை, பிறகு தேங்கிக் கிடக்கும் வேலை. லாக்ஜாம் ஆற்றில் மரங்கள் சிக்கி நிற்பது. கணக்கில் வரும் லாக் மட்டும் ஒட்டாத உறவு: 1614-இல் கணித அறிஞர் நேப்பியர் வெளியிட்ட லாகரிதம் (மடக்கை), கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தது.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, பூட்டும் (lock) லாக்தான். 'அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது' என்றால் பூட்டப்பட்டது, 'லாக் அவுட் ஆகிவிட்டது' என்றால் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டோம், மறுபடி நுழைந்தால் போதும். சந்தேகம் வந்தால் ஆங்கில எழுத்தைப் பார்ப்பது தவிர வழியில்லை. உதவி மையத்துக்கு எழுதும்போது இதைக் கலந்தால் அவர்கள் வேறு பிரச்சினையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புகார் விஷயத்திலும் கவனம்: நீங்கள் கொடுப்பது ஆங்கிலத்தில் 'லாட்ஜ்' (lodge), அதை வாங்கிப் பதிவில் ஏற்றுவது 'லாக்'.

கடைசியாக எழுத்து. ஆங்கிலத்தில் பெயராக வந்தால் லாகின் ஒரே சொல், செயலாக வந்தால் லாக், இன் என்று பிரித்து எழுத வேண்டும். இறந்தகாலம் 'லாக்டு இன்'. 'லாகின்டு' என்று யாராவது எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.