முதல் மஸில்லோடர்: மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் முடிந்தால் போதும், பென்சில்வேனியாவில் எங்கள் கிளப் ரேஞ்சில் புது முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். கையில் பளபளக்கும் மஸில்லோடர்: குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி. வெள்வால் மானுக்காக ஆசையாக வாங்கியது. இவர்கள் இடறும் இடங்களில் பாதி, ஒரு காலத்தில் நானும் இடறிய இடங்கள்தான். குழலை ஆள் பக்கம் திருப்பாதே, விசையில் விரல் வைக்காதே போன்றவற்றை வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் கோளாறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்த சீசனுக்கு என்று பார்க்காமல் வாங்குவது

கடையில் போய் "மஸில்லோடர் வேண்டும்" என்றால், ஸ்கோப் பூட்டிய இன்லைன் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். 1985-இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 பிரபலமாக்கிய வகை அது. மருந்துக்கு நேர் பின்னால் ப்ரைமர் (அடிபட்டதும் தீ கிளப்பும் சிறு மூடி), மழைக்கும் அவ்வளவாகப் பயப்படாது. நல்ல துப்பாக்கிதான். ஆனால் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள்வாக்கில் தொடங்கி ஜனவரிக்குள் நீளும் சீசன் ஃப்ளின்ட்லாக்குக்கு மட்டுமே உரியது. 1974-இலிருந்து நடக்கிறது. சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி விழ வேண்டும், ஸ்கோப் கூடாது. இன்லைனை வைத்துக்கொண்டு அந்தப் பனிக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அக்டோபரில் கொம்பில்லா மானுக்கு வரும் குறுகிய மஸில்லோடர் சீசனில் அதே இன்லைன் செல்லும். பக்கத்து ஒஹையோவின் ஜனவரி சீசனிலும் செல்லும்.

மேற்கே போனால் கதையே வேறு. கொலராடோவில் இன்லைனுக்குத் தடையில்லை. ஆனால் ஸ்கோப், மாத்திரை வடிவ மருந்து, சேபோ எனப்படும் பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு, மூன்றும் கூடாது. ஐடஹோவின் மஸில்லோடர் சீசன்களில், பெரும்பாலான இன்லைன்களில் வரும் 209 வகை ப்ரைமரே கூடாது. யூட்டாவில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைச் சில வருடங்கள் அனுமதித்துவிட்டு, மஸில்லோடர் சீசனில் மறுபடி தடுத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் போகப்போகும் மாநிலத்தின் இந்த வருட விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள். போன வருடத்துப் புத்தகம் உதவாது.

ட்விஸ்ட்டைப் பார்க்காமல் வாங்குவது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். பணம் போகும், சீசன் போகும், கடைசியில் "எனக்குச் சுடவே வரவில்லை" என்று ஆள் சோர்ந்துபோவார்.

குழலின் உட்சுவரில் சுருளாக வரிகள் ஓடும். அவை எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதுதான் ட்விஸ்ட். 1:66 என்றால் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது மெதுவானது. 1:28 என்றால் வேகமானது. உருண்டை ஈயக் குண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான். கொஞ்சம் சுழன்றாலே நேராகப் போகும். நீளக் குண்டு அப்படியல்ல, காற்றில் குப்புறக் கவிழப் பார்க்கும். அதை நிமிர்த்திப் பிடிக்க வேகமான சுழற்சி வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறைந்த பம்பரம் மாதிரித் தள்ளாடிக்கொண்டே போகும்.

வரியின் ஆழமும் இதோடு சேர்ந்தது. உருண்டைக்கென்று செய்த குழலில் வரிகள் பொதுவாக ஆழமாக இருக்கும். உருண்டை குழலைத் தொடுவதே இல்லை, அதைச் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துணிதான் வரியைப் பற்றிக்கொள்கிறது. சேபோவுக்கென்று செய்த குழலில் வரிகள் ஆழமில்லாமல், ட்விஸ்ட் வேகமாக இருக்கும். ஆழமான வரிக்குள் பிளாஸ்டிக் உறையைத் திணித்தால் இடுக்கு வழியாக வாயு கசியும். வேகமான ட்விஸ்ட்டில் துணி சுற்றிய உருண்டையை நிறைய மருந்து போட்டுச் சுட்டால், குண்டு வரியோடு சுழலாமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ரேஞ்சுக்கு ஓர் இளைஞர் வந்தார். மேப்பிள் கட்டை, பித்தளை வேலைப்பாடு, பார்த்தாலே கை நீளும் ஃப்ளின்ட்லாக். கடையில் அதோடு ஒரு பெட்டி சேபோ குண்டையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். "மஸில்லோடர் குண்டு" என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? ஐம்பது கஜத்தில் ஒரு குண்டு இடது ஓரத்தில், அடுத்தது காகிதத்திலேயே இல்லை. குறிபார்க்கும் சைட்டை மாற்றினார். கல்லை மாற்றினார். மருந்தைக் கூட்டினார், குறைத்தார். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து விசையை இலகுவாக்கி அதற்கும் தண்டம் அழுதார். யாரும் அவருடைய டார்கெட் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஓட்டைகள் வட்டமாக இல்லை. குண்டு பக்கவாட்டில் படுத்தபடி நுழைந்த நீளக் கிழிசல்கள். குழலின் அடிப்பக்கத்தில் 1:66 என்று பொறித்தே இருந்தது. .490 அங்குல உருண்டையும், அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு தடிமனுள்ள எண்ணெய்த் துணியும் கொடுத்தேன். அன்று மாலைக்குள் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. என்ன பயன், சீசன் அதற்குள் முடியும் தறுவாயில் இருந்தது. விற்றவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. லைமன் கிரேட் ப்ளெயின்ஸ் ரைஃபிளும் கிரேட் ப்ளெயின்ஸ் ஹண்டரும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். முன்னதில் 1:60, பின்னதில் 1:32. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது, ஆனால் ஒன்றின் குண்டு மற்றதற்கு ஆகாது. 1970-இல் வந்த தாம்ப்ஸன் சென்டர் ஹாக்கனில் 1:48. உருண்டையும் போகும், குட்டையான நீளக் குண்டும் போகும் என்ற சமரசம். அதை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நூறு கஜத்துக்குள் மானுக்கு அது தாராளம். ஆனால் எந்தக் குண்டு என்று முடிவெடுக்கச் சோம்பல்பட்டு 1:48 வாங்காதீர்கள்.

பழைய துப்பாக்கியில் எண் பொறித்திருக்காது. அப்போது நீங்களே அளக்கலாம். முதலில் உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ராம்ராட் (குண்டைக் கெட்டிக்கும் கோல்) முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி அடிவரை தள்ளுங்கள். கோலின் மேல்முகத்தில் நீளவாக்கில் ஒரு கோடு, குழல் வாய்க்கு நேராக இன்னொரு கோடு. கோல் தன்னால் திரும்பும்படி தளர்வாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். கால் சுற்று திரும்பியதும் எத்தனை அங்குலம் வெளியே வந்தது என்று அளந்து நான்கால் பெருக்குங்கள். 12 வந்தால் 1:48, ஏழு வந்தால் 1:28. இதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

காலிபரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது

.50 (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) வாங்குங்கள். அடுத்து.

லாக்கைச் சோதிக்காத ஃப்ளின்ட்லாக்

கட்டையின் அழகைப் பார்ப்பவர்கள் லாக்கை, அதாவது கல்லை அடித்துப் பொறி கிளப்பும் இயக்கத்தை, பார்ப்பதில்லை. கல் மோதும் எஃகுத் தகடு சரியாகக் கடினமாக்கப்படாவிட்டால் பொறி வராது. கடையில் கேட்டு, வெற்றுத் துப்பாக்கியில் நல்ல கல்லை மாட்டி, வெளிச்சம் குறைந்த மூலையில் ஒருமுறை விசையை இழுத்துப் பாருங்கள். கொத்தாகப் பொறி கிளம்பி, பற்றவைக்கும் மருந்து வைக்கும் சிறு தட்டுக்குள் விழ வேண்டும். ஒன்றிரண்டு மினுங்கினால் ஜனவரிக் குளிரில், ஈரக் காற்றில், மான் முன்னால் நிற்கும்போது "டக்" என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மருந்து எங்கே கிடைக்கும் என்று யோசிக்காதது

ஃப்ளின்ட்லாக்குக்கு அசல் கரிமருந்துதான் வேண்டும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்பவை. தட்டில் விழும் பொறிக்கு மசியாது. அசல் மருந்து வெடிபொருள் கணக்கில் வருவதால் அதைச் சேமித்து வைக்கப் பல கடைகள் விரும்புவதில்லை. 2021-இல் லூசியானாவில் கோயெக்ஸ் என்ற கரிமருந்து ஆலையை மூடப்போவதாக அறிவித்ததும் இருந்ததையெல்லாம் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மறு வருடம் எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கியது. அருகில் யார் விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதன்பிறகு ஃப்ளின்ட்லாக் வாங்குங்கள்.

150 கிரெய்ன் மோகம்

கிரெய்ன் என்பது மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு எடை அலகு. மூன்று மாத்திரை, அதாவது 150 கிரெய்ன், போடலாம் என்று விளம்பரம் செய்வதால் மூன்றும் போட வேண்டியதில்லை. .50 உருண்டை சுமார் 177 கிரெய்ன் எடை. எவ்வளவு மருந்து போட்டாலும் உருண்டை வடிவம் காற்றை இடித்துக்கொண்டே போவதால், நூறு கஜத்துக்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். 70 முதல் 90 கிரெய்ன், அதுவும் தயாரிப்பாளர் கையேட்டின் எல்லைக்குள், மரங்களடர்ந்த கிழக்கு மாநிலக் காட்டுக்குப் போதும். மிச்சமெல்லாம் தோள்வலி.

புகையில்லா மருந்து

கூடாது. அதற்கென்றே செய்த துப்பாக்கி அல்லாமல் எதிலும் கூடாது. குழல் வெடிக்கும்.

சட்டம் எல்லா இடத்திலும் ஒன்று என்று நினைப்பது

வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ஃபெடரல் சட்டம் பெரும்பாலான மஸில்லோடர்களைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் குழலை மாற்றினால் தோட்டா போட்டுச் சுடலாம் என்ற வகை அந்தக் கணக்கில் வந்துவிடும். மாநிலச் சட்டம் தனி. டெலாவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனால் மஸில்லோடரும் துப்பாக்கிதான். விசாவில் இருப்பவர்கள் வாங்குமுன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், நண்பர் சொன்னார் என்று கிளம்பாதீர்கள்.

பழையதை வெளித்தோற்றம் பார்த்து வாங்குவது

கரிமருந்தின் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கழுவாமல் வைத்த குழல் சீக்கிரமே துருப்பிடிக்கும். வெளியே மெருகு மின்னும். உள்ளே அடிப்பக்கம், மருந்து உட்காரும் இடத்தில், அரித்துப்போயிருக்கும். ராம்ராட்டை அடிவரை விட்டு வாய்க்கு நேராகக் கட்டைவிரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். கோலின் முனை ஏறக்குறைய பொறித் துளை வரை எட்ட வேண்டும். ஓரிரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே யாரோ போட்ட மருந்தும் குண்டும் இன்னும் இருக்கலாம். தாத்தாவின் துப்பாக்கி என்று பரணிலிருந்து இறக்கி விற்கிறவர்களிடம் இது அபூர்வமில்லை. அப்படியானால் அதைத் தொடாமல் மெக்கானிக்கை அழைக்கச் சொல்லுங்கள்.

காலியாக இருந்தால் சிறிய விளக்கை உள்ளே இறக்கிப் பாருங்கள். அப்புறம் வெள்ளைத் துணியை அடிவரை தள்ளி இழுங்கள். செம்பழுப்புக் கறை வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். துணி ஒரே இடத்தில் மாட்டிக் கிழிந்து வந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.